நிறம், இனம், பிள்ளைகள் கையில் புத்தகம்: கேள்வி பதில்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுவது பல ஆண்டுகளாக என் வேலை. இன வெறுப்பைப் பேசும் சிறுவர் நூல்கள் பற்றிப் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

செந்தூலிலிருந்து ஒரு தாய்: பாலர் பள்ளியில் ஒரு பிள்ளை என் மகளிடம், "நீ கறுப்பு, உன் பக்கத்தில் உட்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டது. அவளுக்கு ஆறு வயது. குளிக்கும்போது முகத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். எந்தப் புத்தகம் வாங்கலாம்?

அம்மா, படிக்கும்போதே மனம் பதைக்கிறது. புத்தகக் கடைக்குப் போவதற்கு முன் பாலர் பள்ளி ஆசிரியையைப் பாருங்கள். அந்தப் பிள்ளை சொன்னது தவறு, உன்மேல் எந்தக் குறையும் இல்லை என்பதை மகள் உங்கள் வாயால் கேட்க வேண்டும்.

அதன் பிறகு, நடிகை லுபிட்டா நியோங்கோ எழுதி 2019இல் வெளிவந்த 'சுல்வே' என்ற படக்கதையை வாங்குங்கள். சுல்வே தன் குடும்பத்திலேயே மிகவும் கருத்த சிறுமி. பெரிய அழிப்பான் ஒன்றை எடுத்துத் தோலைத் தேய்த்துப் பார்க்கிறாள். அம்மாவின் ஒப்பனைப் பொருளைப் பூசிக்கொள்கிறாள். வெளிர் நிற உணவாகத் தேடித் தின்கிறாள். நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. படத்தைக் காட்டித் தமிழிலேயே சொல்லுங்கள். அழிப்பான் வரும் பக்கத்தில் சற்று நிறுத்துங்கள். நீங்கள் எதுவும் கேட்க வேண்டாம், அவளே பேசுவாள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதியர் மூன்று முதல் ஏழு வயதுவரையுள்ள கறுப்பினப் பிள்ளைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் காட்டி, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்ற அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இவர்களின் ஆய்வும் குறிப்பிடப்பட்டது. மூன்று வயதுப் பிள்ளை அதை எங்கே கற்றிருக்கும்? "வெயிலில் சுற்றாதே, கறுத்துப் போவாய்" என்று நம் வீடுகளில் சொல்லாத நாள் உண்டா? பாட்டியோ சித்தியோ அப்படிச் சொன்னால், மகள் முன்னாலேயே மரியாதையோடு மறுத்துப் பேசுங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தந்தை: நான்காம் ஆண்டு படிக்கும் என் மகனை வகுப்பில் 'கெலிங்' என்று, இந்தியர்களை இழிவாகக் குறிக்கும் சொல்லால், கேலி செய்கிறார்கள். தைரியமாக எதிர்த்து நிற்க ஒரு வீரக் கதை வேண்டும்.

ரூபி பிரிட்ஜஸின் கதையைக் கொடுங்கள். 1960 நவம்பர் 14ஆம் தேதி, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த ஒரு பள்ளிக்குள் நுழைந்த ஆறு வயதுச் சிறுமி அவள். வெளியே கூட்டம் நின்று கத்தியது. மனநல மருத்துவர் ராபர்ட் கோல்ஸ் 1995இல் அவள் கதையைச் சிறுவர் நூலாக்கினார்.

ஆனால் ஐயா, இந்தக் கதையை அவள் துணிச்சலோடு மட்டும் முடித்துவிடாதீர்கள். அவளைக் கூட்டாட்சிக் காவல் அதிகாரிகள் அழைத்துச் சென்றார்கள். மற்ற பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டபோது, பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை அந்த ஆண்டு முழுவதும் அவள் ஒருத்திக்காகவே வகுப்பு நடத்தினார். பெரியவர்கள் செய்ய வேண்டியதைச் செய்த கதை அது. பத்து வயதுப் பையனைத் தனியாக எதிர்த்து நிற்கச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்று எழுதி எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரை நீங்கள் போய்ப் பாருங்கள்.

பூச்சோங் வாசகர்: நம் மலேசியக் கதை எதுவும் இல்லையா?

கேலிச்சித்திரக் கலைஞர் லாட் வரைந்து 1981இல் வந்த 'டவுன் பாய்' என்ற படக்கதை இருக்கிறது. கம்பத்திலிருந்து (கிராமத்திலிருந்து) ஈப்போ நகருக்கு வரும் மலாய்ப் பையனும் ஃபிராங்கி என்ற சீனப் பையனும் பாட்டுக் கேட்டே நண்பர்களாகிறார்கள். அறிவுரை ஒரு வரி இல்லை. அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

செராஸிலிருந்து ஒரு தாய்: இழிசொல் வரும் நூலைப் பிள்ளைகள் படிக்கலாமா? 'இன்டர்லோக்' சர்ச்சை நினைவுக்கு வருகிறது.

அப்துல்லா ஹுசேன் 1971இல் வெளியிட்ட அந்த நாவல் 2011இல் ஐந்தாம் படிவத்துக்குப் பாடநூலானது. இந்தியர்களைச் சாதிப் பெயரால் குறித்த சொல்லுக்கு எதிர்ப்பு எழ, பிறகு மீட்டுக்கொள்ளப்பட்டது. வளர்ந்த பிள்ளை வீட்டில் உங்களோடு பேசிப் பேசிப் படிப்பதில் தவறில்லை. ஆனால் வகுப்பில் ஓரிரு தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் உட்கார்ந்திருக்க, அந்தச் சொல்லை ஒருவர் உரக்கப் படித்தால் அவர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்கள்? எதிர்த்தவர்கள் பக்கம்தான் நான்.

கிள்ளானிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை: என் மாணவர்களே வங்காளதேசத் தொழிலாளர்களைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறார்கள். என்ன செய்வது?

டீச்சர், இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். நாம் புண்படும் கதைகளையே தேடித் தேடி வாசிக்கிறோம். எந்தக் கதையை வாசித்தாலும், "கேலி நடக்கும்போது பக்கத்தில் சும்மா நிற்பது யார்?" என்று கேளுங்கள். ஆளாளுக்குப் படத்தில் விரல் வைத்துக் காட்டுவார்கள். அடுத்து, "நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?" என்று கேளுங்கள்.

பிறகு தாத்தா பாட்டியிடம் கதை கேட்டுவரச் சொல்லுங்கள். ரப்பர் தோட்டத்தில், விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்றது, பால் வடியும் மங்கு கழுவியது, லயம் என்ற வரிசை வீட்டில் ஒரே அறையில் குடும்பமே படுத்தது. ஒப்பந்தக் கூலியாகவும், ஆள் சேர்க்கும் கங்காணி வழியாகவும் கப்பலேறி வந்தவர்களின் வழிவந்த பிள்ளைகள் இவர்கள். கேட்டதைப் படம் வரைந்து நாலு பக்கப் புத்தகமாகத் தைக்கட்டும். பள்ளிக்கு அருகே கட்டட வேலை செய்யும் ஒருவரை, அவர் விருப்பத்தோடு, வகுப்புக்கு அழைத்து அவர் ஊர்க் கதையையும் கேளுங்கள். அதற்கும் ஒரு புத்தகம் தைத்து, இரண்டையும் வகுப்பு நூலகத்தில் ஒரே அடுக்கில் வையுங்கள்.