புதிய கோல்ட் 1851 நேவி நகல் ரிவால்வரில் ஆப்பை இறுக்கினால் உருளை சிக்குவது ஏன்?

கருமருந்தில் இயங்கும் இந்த ரிவால்வரில், குண்டுகளைத் தாங்கிச் சுழலும் உருளைக்கு மேலே சட்டம் கிடையாது. உருளையின் நடுவே போகும் அச்சுத்தண்டு குழலின் அடியிலுள்ள துளைக்குள் நுழையும். குறுக்கே செருகும் ஆப்புதான் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். இத்தாலியில் இன்று தயாராகும் நகல்கள் பலவற்றில் தண்டு துளையின் அடிவரை போய் முட்டுவதில்லை. சின்ன இடைவெளிதான், ஆனால் வினையே அங்கேதான். முளை குட்டையான கட்டில் காலில் ஆப்பு அடித்தால் கால் சாயும் அல்லவா? அப்படித்தான் இதுவும். கீழ்ப்பக்கம் சட்டத்தில் முட்டி நிற்க, குழலின் மேல்பக்கம் பின்னால் சாய்ந்து உருளையில் உரசுகிறது. துளையின் அடியில் சரியான தடிமனில் எஃகு வில்லை வைத்தால் சரியாகும்.

ஆப்பை இன்னும் பலமாக அடித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அடிக்க அடிக்கச் சாய்வுதான் கூடும், அப்புறம் ஆப்பும் நசுங்கும்.