கால்பந்து வீடியோ கேமில் மழையைப் போட்டு ஜெயிப்பது ஏமாற்று வேலையா?

நீங்கள் கேட்டிருக்கும் தொனியைப் பார்த்தால், கேம் செட்டிங்ஸில் வானிலையை மழைக்கு மாற்றி யாரையோ ஜெயித்துவிட்டுத் திட்டு வாங்கியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நானும் வாங்கியவன்தான். ஏமாற்று வேலை இல்லை, பலனும் உண்டு, ஆனால் ரொம்ப நாளைக்குத் தாங்காது.

எனக்கும் என் அண்ணனுக்கும் பெஸ் 2019 (PES) என்ற கால்பந்து கேம். அவன் எப்போதும் பார்சிலோனாதான் எடுப்பான். பத்துப் பன்னிரண்டு ஷார்ட் பாஸ் போட்டு என் ஆட்களை அங்குமிங்கும் ஓடவிட்டு, கடைசியில் தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே, முன்னால் ஓடும் ஆளுக்கு ஒரு பாஸ் (த்ரூ பால்), கோல். இப்படியே பதினோரு மேட்ச் தொடர்ந்து தோற்றேன். பன்னிரண்டாவதில் அவன் போன் பேசிக்கொண்டிருந்தபோது செட்டிங்ஸை நான் போட்டேன். வானிலை மழை, தரை ஈரம், புல் குட்டை.

முதல் கால் மணி நேரத்தில் அவன் போட்ட மூன்று த்ரூ பாலும் வழுக்கிக்கொண்டு ஸ்ட்ரைக்கரைத் தாண்டி நேராக என் கீப்பர் கைக்கு வந்தன. விரல் பழகிப்போனவன் இல்லையா, வெயிலில் பட்டனை எவ்வளவு அழுத்துவானோ அவ்வளவே அழுத்தினான். நானோ பாஸ் விளையாடவே முயலவில்லை. நடுவில் பந்து கிடைத்ததும் தூரத்திலிருந்து தரையோடு ஒரு அடி. அவன் கீப்பரால் பிடிக்க முடியவில்லை, தட்டிவிட்டார், ஓடி வந்த என் ஆள் சும்மா உள்ளே தள்ளினான். இரண்டாவது கோலும் கிட்டத்தட்ட இதேதான். 2-0. கன்ட்ரோலரைக் கட்டிலில் எறிந்துவிட்டு அண்ணன் சொன்னது: "டேய், நீ ஜெயிக்கல. மழைதான் ஜெயிச்சுது."

மழை இரண்டு பேர் மேலும்தானே பெய்தது? "திறமை இல்லாதவன் குறுக்கு வழி தேடுகிறான்" என்று இங்கேயும் யாராவது வருவீர்கள், தெரியும். நிஜ கால்பந்தில் ஷார்ட் பாஸ் ஆடும் அணிகள், பந்து வேகமாக ஓடட்டும் என்று தங்கள் மைதானத்தில் மேட்சுக்கு முன்னாலேயே தண்ணீர் அடிக்கிறார்கள். அதை யாரும் குறுக்கு வழி என்பதில்லை. 1954 உலகக் கோப்பையையே எடுத்துக்கொள்ளுங்கள். லீக் சுற்றில் மேற்கு ஜெர்மனியை 8-3 என்று நொறுக்கிய ஹங்கேரி, பெர்னில் நடந்த இறுதிப் போட்டியில் 8 நிமிடத்துக்குள் 2-0 முன்னிலை. அன்றைக்கு மழை. ஜெர்மன்காரர்கள் காலில், அடியில் இருக்கும் பிடிப்பு ஆணிகளைக் கழற்றி மாட்டும் ஷூ, ஈரத் தரைக்கு நீளமான ஆணி. 3-2 என்று ஜெயித்தார்கள். ஷூவால் மட்டுமே ஜெயித்தார்கள் என்று நான் சொல்லவில்லை, மழைக்குத் தயாராக வந்திருந்தார்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

நியாயம் பேசும் என் அண்ணன் நல்ல கன்ட்ரோலரை ஒரு நாளாவது எனக்குக் கொடுத்திருக்கிறானா என்று கேளுங்கள். எனக்கு எப்போதும் அந்தப் பழையதுதான். ஸ்டிக்கைத் தொடாமலே ஆள் இடதுபக்கம் நகர்ந்துகொண்டே இருப்பான். பெனால்டி அடிக்கும்போது அதோடு சண்டை போட்டவனுக்குத்தான் அந்த வலி புரியும். அது குறுக்கு வழி இல்லையாம், மழைதான் குறுக்கு வழியாம்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மழையில் த்ரூ பாலைக் குறையுங்கள், பாஸ் பட்டனைக் கொஞ்சம் குறைவான நேரம் அழுத்துங்கள், தரையோடு ஷாட் அடியுங்கள், கீப்பர் தட்டிவிடும் பந்துக்கு (ரீபவுண்டு) ஒரு ஆளைப் பெனால்டி பெட்டிக்குள் எப்போதும் வைத்திருங்கள். தரையில் சறுக்கிப் பந்தைப் பறிக்கும் ஸ்லைடிங் டேக்கிள் மட்டும் யோசித்துப் போடுங்கள், எனக்கு அதில் இரண்டு சிவப்பு அட்டை.

எதிராளி முட்டாள் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். மூன்றே வாரத்தில் அண்ணன் மழையிலும் பழகிவிட்டான், 4-1 என்று அடித்தான், அதுவும் என் பாணியிலேயே தூர ஷாட் அடித்து. இப்போது நான் பனிப்பொழிவுக்கு மாறியிருக்கிறேன். அதில் பந்து பாதி வழியில் திணறுகிறது, அவன் ஷார்ட் பாஸ் போய்ச் சேருவதற்குள் என் ஆள் எட்டிப் பறித்துவிடுகிறான். இதுவரை மூன்று மேட்ச், இரண்டு வெற்றி. மூன்றாவது பெனால்டியில் போனது. இடதுபக்கம்தான்.