கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: இந்தியாவிலேயே தேர்தலில் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆன முதல் சினிமா நடிகர் எம்.ஜி.ஆர்.தானே? நண்பருடன் பந்தயம் கட்டியிருக்கிறேன்.
*(வாசகர், சின்னமனூர்)*

பந்தயப் பணத்தை எடுத்து வையுங்கள். உங்கள் பக்கத்து ஊர்க்காரரை விட்டுவிட்டீர்களே! எஸ்.எஸ்.ராஜேந்திரன். 1962-ல் தேனியில் தி.மு.க. சார்பில் நின்று ஜெயித்தார். எம்.ஜி.ஆர். பரங்கிமலையில் ஜெயித்தது 1967-ல்தான். அதற்கு முன்பு 1962-லிருந்து சுமார் இரண்டு வருஷம் சட்ட மேலவையில் இருந்தார். ஆனால் அங்கே போக ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டு வீதி வீதியாக நடக்க வேண்டியதில்லை.

1962 ஜெயிப்பதற்குச் சுலபமான வருஷமும் இல்லை. காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றுப்போனார். 1957-ல் ஜெயித்த 15 தி.மு.க. உறுப்பினர்களில் மறுபடி ஜெயித்தவர் கருணாநிதி மட்டும்தான், அவரும் குளித்தலையை விட்டுத் தஞ்சாவூருக்கு மாறி. மொத்தத்தில் கட்சிக்கு 50 இடம் கிடைத்தது. அந்த ஐம்பதில் ஒருவர் சேடபட்டி ராஜேந்திரன்.

சேடபட்டி உசிலம்பட்டிப் பக்கம். கணவாயைத் தாண்டினால் ஆண்டிபட்டி, அங்கிருந்து தேனி எட்டிவிடும் தூரம். அதனால் 'நம்ம பையன்' என்ற பேச்சு தானாக வந்தது. எங்கள் வீட்டில் தாத்தா பழுத்த காங்கிரஸ், இரட்டைக் காளையைத் தவிர வேறு சின்னம் அவர் கண்ணுக்குத் தெரியாது. அப்பத்தாவுக்குக் கட்சி கிடையாது, சினிமா உண்டு. 'பராசக்தி'யில் எஸ்.எஸ்.ஆர். பர்மாப் போரில் காலை இழந்து பிச்சைக்காரர்களோடு சேர்ந்த ஞானசேகரன். படம் வந்து பத்து வருஷம் ஆகியும் அப்பத்தாவுக்கு அந்தக் கால் ஞாபகம் போகவில்லை. ஓட்டுக் கேட்டு வந்தவர் ஜீப்பிலிருந்து குதித்து இறங்கியதும், கூட்டத்தில் இருந்த பொம்பளைகள் முதலில் பார்த்தது முகத்தை இல்லையாம். "ரெண்டு காலும் நல்லாத்தான்டி இருக்கு" என்று அப்பத்தா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு, தாத்தாவுக்குத் தெரியாமல் உதயசூரியனில் குத்தினாள். வருஷக்கணக்கில் அதை ரகசியமாகவே வைத்திருந்தாள்.

கேள்வி: கடவுள் வேஷம் போட மாட்டேன் என்றவர், 'பூம்புகா'ரில் கோவலனாக மட்டும் எப்படி நடித்தார்?
*(வாசகி, உத்தமபாளையம்)*

புராணப் படம் வேண்டாம் என்று அவர் ஒதுங்கியது நிஜம். கட்சிக் கொள்கைக்காகக் கிராக்கியான காலத்தில் வருமானத்தை விட்டார். 'லட்சிய நடிகர்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டதும் அதனால்தான். கோவலன் கணக்கில் வராது அம்மா. சிலப்பதிகாரம் காப்பியம், அதுவும் கட்சி மேடைகளில் கொண்டாடிய காப்பியம்.

நீங்கள் கேட்டதைவிடச் சுவாரசியமான விஷயம் அந்தப் படத்தின் டைட்டிலில் இருக்கிறது. படம் வந்தது 1964-ல். கோவலனாக நடித்தவர் தேனி எம்.எல்.ஏ. திரைக்கதை வசனம் எழுதியவர் தஞ்சாவூர் எம்.எல்.ஏ. கருணாநிதி. இரண்டு பேரும் எதிர்க்கட்சி. கவுந்தியடிகளாக வந்தவரோ கே.பி.சுந்தராம்பாள். அவர் காங்கிரஸ், போதாததற்கு முருக பக்தை, இந்தப் படத்துக்கு முன்பே மேலவைக்குப் போனவர். பகுத்தறிவுக்காரர் எழுதிய வசனத்தை நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற அம்மா பேச, பக்கத்தில் தேனி எம்.எல்.ஏ. நிற்கிறார்! சட்டமன்றக் கூட்டத்தைவிட இந்தக் காட்சியைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். கண்ணகி யார் என்று கேட்பீர்கள். விஜயகுமாரி. நிஜ வாழ்விலும் எஸ்.எஸ்.ஆரின் மனைவி.

கேள்வி: நடிப்பை எங்கே கற்றார்?
*(மாணவர், மதுரை)*

சின்ன வயதிலேயே சிறுவர் நாடகக் குழுவான பாய்ஸ் கம்பெனி, அப்புறம் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழு. பிறகு சொந்தமாக எஸ்.எஸ்.ஆர். நாடக மன்றம் நடத்தினார். மனோரமா அங்கே நடித்தவர்தான். தமிழ் உச்சரிப்புக்கு அந்தக் குரலைக் கேளுங்கள், 'ழ' ஒவ்வொன்றும் கழுவி வைத்த மாதிரி இருக்கும்.

கேள்வி: தேனிக்குப் பிறகு அரசியலில் என்ன ஆனார்? ஆண்டிபட்டி என்றாலே எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா என்றுதானே சொல்கிறார்கள்?
*(வாசகர், ஆண்டிபட்டி)*

ஊர்க்காரர் நீங்களே இப்படிச் சொன்னால் எப்படி? 1970 முதல் 1976 வரை தி.மு.க.வின் ராஜ்யசபா உறுப்பினர். பிறகு அ.தி.மு.க. பக்கம் வந்தார். 1980-ல் உங்கள் ஆண்டிபட்டியில் நின்று எம்.எல்.ஏ. ஆனார். அந்தத் தொகுதியில்தான் 1984-ல் எம்.ஜி.ஆர். நின்றார். அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே ஜெயித்தார். 2002 இடைத்தேர்தலிலும் 2006-லும் ஜெயலலிதா. இரண்டு முதலமைச்சர்கள் நின்ற ஊரில் அவர்களுக்கு முன் இருந்தவர் பெயர் எடுபடாமல் போனதில் ஆச்சரியமில்லை. ஆனால் எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு, மறைக்கவில்லை. தேனியில் முதலில் வழி திறந்தவர் அவர். ஆண்டிபட்டியிலும் முன்னால் நின்றவர் அவர். இரண்டு இடத்திலும் பின்னால் வந்தவர்களைத்தான் சொல்கிறோம். 2014 அக்டோபரில் அவர் இறந்தபோதுகூட, சிலருக்குக் கோவலனைத் தெரிந்தது, எம்.எல்.ஏ.வைத் தெரியவில்லை.

1984 தேர்தல் சமயம் எங்கள் வீட்டுத் திண்ணையில் எம்.ஜி.ஆர். பேச்சுதான். உயிரோடு திரும்புவாரா, எப்போது திரும்புவார் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பத்தா வெற்றிலையை மடித்தபடி ஒன்றே ஒன்று கேட்டாள்: "அப்போ நம்ம ராசேந்திரன் எங்கடா நிக்கிறாரு?"

தாத்தா அவளை ஒரு மாதிரியாகத் திரும்பிப் பார்த்தார். 1962 ரகசியம் அன்றைக்குத்தான் உடைந்தது.