அந்தப் பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் ஒரு டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவு) கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நீளம் தாண்டுதலுக்குக் கிடைத்த உபகாரச் சம்பளம். ஜனவரியில் பயிற்சியின்போது முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை ஆனது. "அடுத்த வருஷம் உனக்கு இடமில்லை, இதில் கையெழுத்துப் போட்டுக் கொடு" என்று கோச் ஒரு பாரத்தை நீட்டியிருக்கிறார். படம் அனுப்பியிருக்கிறேன். விசாவும் போய்விடுமோ என்று வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. – சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு தந்தை

பதில்: இன்றைக்கே மகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள், அந்தப் பாரத்தில் கையெழுத்துப் போடவே வேண்டாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தேதிக்கு மேலே சின்ன எழுத்தில், 'சொந்த விருப்பத்தின் பேரில் அணியிலிருந்து விலகுகிறேன்' என்று ஒரு வரி இருக்கிறது. வம்பே அந்த வரியில்தான். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ-யின் விதிப்படி, உபகாரச் சம்பளம் நடப்பில் இருக்கும்போது காயம் பட்டதற்காகவோ திறமை குறைந்ததற்காகவோ அதை நிறுத்த முடியாது, ஆனால் மாணவி தானாக விலகினால் நிறுத்தலாம். அந்தக் காரணத்தை அவள் கையாலேயே எழுதி வாங்கப் பார்க்கிறார்கள். காலில் கட்டோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் இப்படி ஒரு தாளை நீட்டுவதா? படிக்கும்போதே ஆத்திரமாக வந்தது.

அப்புறம், சேரும்போது தந்த உபகாரச் சம்பளக் கடிதத்தைத் தேடி எடுங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று அதில் இருக்கும். நான்கு ஆண்டுக்கு என்றால், காயத்தைக் காட்டி நடுவில் நிறுத்த வழியில்லை. ஓராண்டுக்கு மட்டும் என்றாலும் பயப்படாதீர்கள். புதுப்பிக்கப் போவதில்லை என்றால் ஜூலை 1க்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அந்த முடிவை எதிர்த்துக் கல்லூரியிலேயே விசாரணை கேட்கும் உரிமையும் அவளுக்கு உண்டு. புதுப்பிக்கவில்லை என்ற கடிதம் வர வேண்டியது கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்திலிருந்து, கோச்சிடமிருந்து அல்ல. விசாரணையும் விளையாட்டுத் துறைக்கு வெளியே உள்ளவர்கள் முன்னால்தான் நடக்கும். விசாரணை கேட்பதற்கான கெடு கல்லூரிக்குக் கல்லூரி மாறும், அதைத் தவறவிட்டுவிடாதீர்கள். கல்லூரி எந்த கான்ஃபரன்ஸில் (சேர்ந்து போட்டியிடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) இருக்கிறது என்றும் கேளுங்கள், ஏனென்றால் பெரிய கான்ஃபரன்ஸ்கள் 2015இலேயே விளையாட்டுக் காரணத்துக்காகப் புதுப்பிக்க மறுக்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தன. இப்போது அவள் கல்லூரிக்கு என்ன விதி என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிகிச்சைச் செலவையும் விட்டுவிடாதீர்கள். ஆகஸ்ட் 2024 முதல் டிவிஷன் 1 கல்லூரிகள், விளையாட்டில் பட்ட காயத்துக்கான மருத்துவச் செலவைப் படிப்பு முடிந்த பிறகும் குறைந்தது இரண்டு ஆண்டு ஏற்க வேண்டும்.

விசாவுக்கும் அணிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. முழுநேர மாணவியாக, பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் படிக்கிறாளா என்றுதான் பார்ப்பார்கள். வலி தாங்காமல் ஒரு பாடத்தை விடுவதாக இருந்தால், விடுவதற்கு முன்பே மருத்துவர் கடிதத்தோடு வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். விட்டுவிட்டு அப்புறம் சொன்னால் சிக்கல்.

சிங்கப்பூரில் வழக்குப் போடலாமா என்று யோசிக்காதீர்கள். ஒப்பந்தம், சாட்சிகள், கல்லூரி எல்லாம் அங்கே இருக்கும்போது இங்கே போட்டால் காசுதான் கரையும். விசாரணையில் தோற்றால் அந்த மாநில வழக்கறிஞரைப் பாருங்கள், அங்குள்ள சட்டத்தை அவர்தான் சொல்ல முடியும்.

இப்போதைக்கு மகள் கோச்சுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும், நிதியுதவி அலுவலகத்துக்கும் நகல் போகட்டும்: "நான் அணியிலிருந்து விலகவில்லை. என் உபகாரச் சம்பளம் பற்றிய முடிவை எழுத்தில் தாருங்கள்." இந்த இரண்டு வரி போதும். மறுபடி நேரில் கூப்பிட்டுப் பேசினால், வெளியே வந்ததும் யார் என்ன சொன்னார்கள் என்று தேதியோடு குறித்து வைக்கச் சொல்லுங்கள்.