பதினான்கு வயதில் யூக்ளிட்

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறோம். 14 வயது மகனை வீட்டிலேயே படிக்க வைக்கிறேன். வீட்டில் தமிழ்தான் பேசுகிறான். கிரேக்க, லத்தீன் மரபைத் தழுவிய செவ்வியல் கல்விக்கு மாற விரும்புகிறேன். அதைச் சிறு வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்கிறார்கள் தோழிகள். காலம் கடந்துவிட்டதா?
— ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

காலம் கடந்துவிடவில்லை. செவ்வியல் கல்வியின் அடிப்படைப் பாடங்களான இலக்கணம், தருக்கம், நாவன்மை என்ற மூன்றையும் குழந்தையின் மூன்று பருவங்களோடு பொருத்தி ஆங்கில எழுத்தாளர் டாரத்தி சேயர்ஸ் 1947இல் ஆற்றிய உரையே தங்கள் தோழிகளின் கருத்துக்கு மூலம். அதற்கு முன்பு பல நூற்றாண்டுகள் அவை வெறும் பாடங்களாகவே இருந்தன. முதற்பருவத்துக்கு உரியதாக அவர் சொன்ன மனப்பாடம் விட்டுப்போனதை ஈடுகட்டுவதாக எண்ணி, ரோமப் பேரரசர்களின் பட்டியலை இப்போது உருப்போட வைத்தீர்களானால், எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்கும் வயதிலுள்ள பிள்ளை விரைவில் சலித்துப்போவான்.

அந்த எதிர்க்கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட்டின் ‘எலிமெண்ட்ஸ்’ நூலின் வடிவியல் பற்றிய முதல் புத்தகத்தில், வரைந்தோ நிறுவியோ காட்ட வேண்டிய 48 கூற்றுகள் உள்ளன. ஓர் அமர்வுக்கு ஒன்று போதும். கவராயமும், அளவுக் குறிகளைப் பயன்படுத்தாத ஒரு நேர்விளிம்பும் கொண்டு அவனே வரைந்து, பின்பு புத்தகத்தை மூடிவிட்டு ஒவ்வொரு படிக்கும் காரணம் சொல்ல வேண்டும். முதற்கூற்று, கொடுத்த கோட்டின் மேல் சமபக்க முக்கோணம் வரைவது: இரு முனைகளையும் மையமாகவும் அந்தக் கோட்டையே ஆரமாகவும் வைத்து இரண்டு வட்டங்கள் வரைந்தால், அவை வெட்டும் புள்ளியே மூன்றாவது உச்சி. அவன் சொல்லி முடித்ததும், “அவை வெட்டிக்கொள்ளும் என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று கேளுங்கள். யூக்ளிட் அதற்கு ஆதாரம் தரவில்லை. அவ்வளவு பெரிய ஆசானிடமே ஓர் இடைவெளியைக் கண்டுவிட்ட பையன், அடுத்த பக்கத்தைத் தானாகவே புரட்டுவான் என்பது என் கணிப்பு. பித்தாகரஸ் தேற்றமான 47ஆம் கூற்றைத் தாண்டியதும், கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவின் ‘மேனோ’ என்ற உரையாடல் நூலைப் படிக்கக் கொடுங்கள். சதுரத்தின் பரப்பை இரட்டிப்பாக்கப் பக்கத்தை இரட்டித்தால் போதும் என்று அதில் வரும் அடிமைச் சிறுவன் சொல்லும்போது, அது நான்கு மடங்காகிவிடும் என்பது தங்கள் மகனுக்கு உடனே தெரியும்.

லத்தீனுக்கு நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். வேற்றுமை உருபுகளோடு வளர்ந்தவனுக்கு, பெயர்ச்சொல்லின் ஈறு மாறுவதால் பொருள் மாறுவது விந்தையாக இராது. எழுத்துப் பயிற்சிக்கு ஈசாப் கதை ஒன்றைச் சுருக்கியும் பிறகு விரித்தும் எழுதுவது போதும். பண்டைய நாவன்மைப் பள்ளிகளிலும் நீதிக்கதையே முதற்பயிற்சியாக இருந்தது. இந்த ஆண்டில் இவற்றுக்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள்.

டெக்சாஸில் வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை ஆகிய ஐந்தும் பாடத்திட்டத்தில் இருக்க வேண்டும் என்பதால் குடிமைப் பாடத்தைக் கைவிட்டுவிட வேண்டாம். கல்லூரி விண்ணப்பத்துக்கான மதிப்பெண் பட்டியலில் யூக்ளிட்டை ‘ஜியோமெட்ரி’ என்றே பதிவு செய்யுங்கள். அல்ஜீப்ரா எப்போதும்போல் தனியாக நடக்கட்டும்.