நானூறு படங்கள், ஒரே சுவர்

கேள்வி: ஒரு வருடமாக, அம்மாவும் நானும் அன்றாடம் புழங்கும் பொருட்களைக் கைபேசியில் படமெடுத்து வருகிறேன். நானூறு சேர்ந்துவிட்டன. ஒரு காட்சிக்கூடத்தில் 6 மீட்டர் சுவர் கிடைத்திருக்கிறது. படங்களைத் தேர்ந்து அடுக்கித் தரும் கியூரேட்டர் இல்லை, தேர்வும் நானேதான். ‘நான் யார்’ என்பதே கரு. பார்த்தவர்களோ “வெறும் சாமான் படங்கள்” என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: பொருட்களில் குறையில்லை. ஒவ்வொரு படத்திலும் தூரமும் வெளிச்சமும் கோணமும் மாறினால், பார்ப்பவரின் கவனம் அந்த மாற்றங்களிலேயே செலவாகிவிடும். ஏதாவது ஒன்றை அசையாமல் நிறுத்துங்கள். அமெரிக்கக் கலைஞர் கேரி மே வீம்ஸ் 1990-இல் செய்த சமையலறை மேசைத் தொடரில் மேசையும் மேலே தொங்கும் விளக்கும் மாறுவதேயில்லை. சுற்றி இருப்பவர்கள்தான் மாறுகிறார்கள். அதனால்தான் உறவுகள் துலக்கமாகத் தெரிகின்றன.

நானூறையும் அஞ்சலட்டை அளவில் அச்சிட்டுத் தரையில் பரப்புங்கள். அம்மா மட்டும் தொடுபவை, நீங்கள் மட்டும் தொடுபவை, இருவரும் பங்குபோடுபவை என்று பிரியுங்கள். மூன்றாவது குவியலில் அதிக நேரம் செலவிடுங்கள். தேய்ந்த கைப்பிடி, வேறொரு டப்பாவின் மூடி, இரண்டு விதத் தையல் விழுந்த துணி போன்றவை பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். பார்த்ததுமே ஊரையும் மதத்தையும் சொல்லிவிடும் பொருட்களைத் தயங்காமல் விலக்குங்கள். பார்வையாளர் அடையாளம் கண்டவுடன் நகர்ந்துவிடுவார்.

ஒன்பது போதும். அந்த ஒன்பதையும் டிரைபாடில், ஒரே ஜன்னலருகே, ஒரே நேரத்தில், ஒரே தூரத்தில் மறுபடி எடுங்கள். கேமரா வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைப் பூட்டிவிட்டு அறை விளக்கை அணையுங்கள். பல்பு வெளிச்சமும் பகல் வெளிச்சமும் கலந்தால் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் விழும், அச்சில் சரிசெய்வது கடினம். அகலக் கோண லென்ஸ் கிட்டத்தில் ஓரங்களை இழுக்கும், கைபேசியின் வழக்கமான 1x லென்ஸ் போதும்.

4000 × 3000 பிக்சல் படம், அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் ஏறக்குறைய 34 × 25 செ.மீ. வரும். அதை 50 × 40 செ.மீ. ஃபிரேமில், படத்தைச் சுற்றி வரும் அமிலமில்லாத அட்டையான மவுண்ட் போர்டுடன் வையுங்கள். சாதாரண அட்டை சில வருடங்களில் மஞ்சளாகி, படத்தின் ஓரத்தையும் கறையாக்கும்.

ஃபிரேமை நெட்டுவாக்கில் மாட்டினால் ஒன்பதும் சேர்ந்து 360 செ.மீ. பிடிக்கும். இடையே எட்டு இடைவெளி தலா 20, இரு முனைகளிலும் 40 விட்டால் 6 மீட்டர் சரியாக நிரம்பும். படத்தின் நடுமையம் தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். ஃபிரேமின் பின்னால் உள்ள மாட்டும் கம்பியை இழுத்துப் பிடிக்கும்போது அது ஃபிரேமின் மேல்விளிம்புக்கு 6 செ.மீ. கீழே நின்றால், சுவரில் கொக்கிக்கான உயரம் 150 + 25 (ஃபிரேம் உயரத்தில் பாதி) − 6 = 169 செ.மீ. கம்பியைத் தளர்வாக வைத்து அளப்பவர்களுக்குத்தான் படங்கள் கீழே இறங்கிவிடும். உண்மையான துணி எதையும் கூடவே வைப்பதானால் அதன்மேல் ஒளி 50 லக்ஸை (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்ட வேண்டாம், சாயம் வெளுக்கும்.

விளக்க அட்டையில் ‘அடையாளம்’ என்ற சொல்லே வேண்டாம். பொருள் யாருடையது, எங்கே வைக்கப்படுகிறது, யார் எப்போது எடுப்பார்கள் என்று முப்பது சொற்களுக்குள், 18 புள்ளிக்குக் குறையாத எழுத்தில் எழுதுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒன்பதையும், எழுதியதையும், அம்மாவிடம் காட்டுங்கள். அவர் மறுக்கும் படம் சுவருக்குப் போகக்கூடாது. அதனால் அதே வெளிச்சத்தில் கூடுதலாக இரண்டு படங்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.