கேள்வி–பதில்: எட்டு மடிக்கணினிகள், ஓர் ஒலிபெருக்கி

கேள்வி: எங்கள் பாடசாலையில் தரம் 9, 10 மாணவர்கள் எட்டுப் பேரைச் சேர்த்து, பழைய மடிக்கணினிகளில், நிரல் எழுதி இசையெழுப்பும் சொனிக் பை மென்பொருளைக் கொண்டு ஒரு மின்னணு இசைக்குழு தொடங்கியிருக்கிறேன். எல்லாவற்றையும் மிக்சர் வழியாக மண்டபத்துப் பெரிய ஒலிபெருக்கியில் இணைத்தோம். தாம் வாசிப்பது எதுவென்று பிள்ளைகளுக்கே பிரித்துக் கேட்பதில்லை. எல்லோருக்கும் ஒரே வேகத்தை எழுதிக் கொடுத்தும் தாளம் ஒட்டவில்லை. என்ன செய்யலாம்?
— இசை ஆசிரியை ஒருவர், கிளிநொச்சி

பதில்: குறை பிள்ளைகளிடமும் இல்லை, பழைய கணினிகளிலும் இல்லை, எட்டுப் பேரின் ஒலியையும் ஒரே வாயால் வெளிவரச் செய்ததில்தான் இருக்கிறது. கூத்துக் களரியில் மத்தளத்தின் ஒலி மத்தளத்திலிருந்தும் கைத்தாளத்தின் ஒலி கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் கையிலிருந்தும் வருவதால், கண்ணை மூடிக்கொண்டாலும் யார் எங்கே நிற்கிறார், என்ன செய்கிறார் என்பது நமக்குத் தெரிகிறது. விரல் ஓரிடத்தில் அசைய, ஒலி கூரையடியிலிருந்து வந்தால் அந்த உறவு அறுந்துவிடுகிறது. 2005இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டான் ட்ரூமன், பெரி குக் ஆகிய இருவரும் மடிக்கணினி இசைக்குழுவைத் தொடங்கியபோது, ஒவ்வொருவருக்கும் பக்கத்திலேயே அரைக்கோள வடிவில் ஓர் ஒலிபெருக்கியை வைத்தது இதற்காகத்தான். 2008இல் தொடங்கிய ஸ்டான்போர்ட் குழுவினர் சாலட் கிண்ணங்களைக் கவிழ்த்து, அவற்றில் துளையிட்டுத் தாமே அத்தகைய ஒலிபெருக்கிகளைச் செய்துகொண்டார்கள். உங்களுக்கு அவ்வளவு வேலை தேவையில்லை. பிள்ளைக்கு ஒன்றாகச் சிறிய ஒலிபெருக்கியை மடிக்கணினிக்கு அருகில் வைத்தாலே போதும்.

அதை வயரால் இணையுங்கள். புளூடூத் வழியே போகும் ஒலி பத்தில் ஒரு விநாடிக்கும் மேல் பிந்துவது வழமை, அதுவும் கருவிக்குக் கருவி வேறுபடும். 3.4 மீற்றர் தள்ளி இருப்பவரின் ஒலி காற்றில் வந்து சேர நூறில் ஒரு விநாடி எடுக்கிறது. அதற்குக் காது பழகிக்கொள்ளும், புளூடூத்தின் தாமதத்துக்குப் பழகாது. மின்சாரம் நின்றாலும் ஒத்திகை தொடர வேண்டுமென்றால், மின்னேற்றி வைக்கக்கூடியவற்றையே வாங்குங்கள்.

தாளம் ஒட்டாததற்குக் காரணம் எளியது. வேகம் ஒன்றாக இருந்தாலும் எட்டுக் கைகள் எட்டுக் கணத்தில் பொத்தானை அழுத்துகின்றன, அந்த இடைவெளி கடைசிவரை அப்படியே நிற்கிறது. சொனிக் பையின் 4ஆம் பதிப்பில், ஒரே வலையமைப்பில் உள்ள கணினிகள் தாள அடியைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் 'லிங்க்' என்ற வசதி உண்டு. உங்கள் கணினிகள் அந்தப் பதிப்பை ஏற்குமானால் பயன்படுத்துங்கள்; இணையத் தொடர்பு வேண்டியதில்லை, ஒரு சாதாரண ரவுட்டர் போதும்.

ஆயினும் முதல் ஆக்கம் தாள அடியே இல்லாததாக இருக்க வேண்டும் என்பேன், இதில் எனக்கு உறுதியான எண்ணம் உண்டு. தாளத்தைக் கணினி பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்காமல் திரையையே பார்த்திருப்பார்கள். ஆளுக்கோர் ஒலியைக் கைபேசியில் பதிந்து வரச் சொல்லுங்கள்: வாய்க்கால் நீர், காய்ந்த பனையோலை, கிணற்றுக் கப்பி, உழவு இயந்திரம். பத்து விநாடி நீரொலியைக் கால் பங்கு வேகத்தில் ஓட்டினால் அது நாற்பது விநாடிக்கு நீண்டு, இரண்டு ஸ்தாயி கீழிறங்கும்; சலசலப்பு என்று நினைத்ததற்குள்ளே ஒவ்வொரு துளியும் தனித்தனி முழக்கமாகக் கேட்கும். அதைத் தன் கையால் செய்து கேட்கும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

பிறகு வட்டமாக இருத்தி, ஒரேயொரு விதி சொல்லுங்கள்: இடப்பக்கத்தவரின் ஒலி தேயத் தொடங்கிய பின்னரே தன் ஒலியை எழுப்பலாம். ஒருவரின் செயல் அடுத்தவரின் செயலைத் தீர்மானிக்கும் இந்த முறை புதிதன்று. 1978 அளவில் கலிபோர்னியாவில் சில இசைஞர்கள் தம் சிறு கணினிகளை வயரால் பிணைத்து, ஒன்றின் கணிப்பு மற்றதன் இசையை மாற்றும்படி வாசித்தார்கள். உங்கள் வட்டத்தில் அந்த வயரின் வேலையைப் பிள்ளைகளின் காது செய்யும்.

தொடங்குமுன் ஒரு சோதனை. ஒருவரை மட்டும் வாசிக்கவிட்டு, மற்ற ஏழு பேரையும் கண்ணை மூடி, ஒலி வரும் பக்கத்தைக் கைகாட்டச் சொல்லுங்கள். ஏழு கைகளும் அந்தப் பிள்ளையை நோக்கி நீளும்வரை ஒலிபெருக்கிகளை நகர்த்திக்கொண்டே இருங்கள்.